கூறு போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் பெரியப்பா ரகுபதிக்கு வேலை இல்லாமல் போனால் வீட்டில் எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இருக்காது. படகை எஞ்சின் ரிப்பேருக்காகக் காசிமேட்டில் விட்டிருந்த அந்த வாரம், முதல் நாள் பரணைப் பிரித்து மேய்ந்தார். இரண்டாம் நாள் சமையலறை. டப்பாக்களை உயரவாரியாக அடுக்கியதில் சோப்புத்தூளும் அரிசி மாவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்றாம் நாள் இடியாப்பம் நுரைத்தது. நான்காம் நாள், வியாழக்கிழமை, நான் காலேஜுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மானிட்டர் கண்ணாடியின் மேல் ஐந்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, கறுப்பு, மெரூன், கல் வைத்தது ஒன்று. பெரியப்பா அதற்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பெரிய வழக்கைத் தீர்த்து வைத்தவரின் முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா ஜெயா. உங்க வூட்டுக் கூறு பச்ச," என்றார்.

பையைக் கீழே போட்டுவிட்டு மானிட்டரிடம் ஓடினேன்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எங்களுக்கு ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு வீடு. பெரியப்பா வீடு, எங்கள் வீடு, சித்தப்பா டில்லிபாபு வீடு, அப்பாவின் தங்கை அங்கம்மா அத்தை வீடு. நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், அது பெரியப்பா வீட்டுக் கூடத்தில். அதை நாங்கள் வைத்திருந்த லட்சணத்தை நானே சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு ஈ உட்கார இடம் கிடையாது. நியூ ஃபோல்டர் ஒன்றில் தொடங்கி நியூ ஃபோல்டர் நாற்பத்தொன்று வரை போகும். சித்தப்பா ஆடிய கபடி வீடியோக்கள், அத்தையின் பேரன் பிறந்தநாளில் கேக் வெட்டாமல் மூன்று மணி நேரம் அழுத வீடியோ, பெரியப்பா மீனவர் சங்கத்து மனுக்களைத் தன் கட்டைவிரலோடு சேர்த்து எடுத்த போட்டோக்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இடமில்லை இடமில்லை என்று கம்ப்யூட்டர் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. யார் ஃபைலை அழிப்பது என்று தினமும் சண்டை.

சண்டை என்றால் பெரியப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கரையில் மீன் வந்து இறங்கினால் மணலில் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் பெரியது இத்தனை, நடுத்தரம் இத்தனை, பொடி இத்தனை என்று எல்லாம் சமமாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பங்காளியும் ஒரு அடையாளம் கொடுப்பான், தீக்குச்சியோ கிளிஞ்சலோ. எது யாருடையது என்று தெரியாத வெளியாள் ஒருவன் அதைக் கூறுக்கு ஒன்றாக வைப்பான். வைத்தது வைத்ததுதான். அதற்கப்புறம் அடுத்தவன் கூறைத் தொட்டால் அதற்குப் பேர் திருட்டு. எங்கள் குப்பத்தில் பெரியப்பா போட்ட கூறில் ஒரு நெத்திலி குறைகிறது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் மனுஷனைக் கெடுத்தது.

"எல்லா ஃபைலையும் ஒரே எடத்துல கொட்டுனோம்," என்றார் பெரியப்பா. "டில்லி மவுச புட்ச்சிகினான், நான் சொல்லிகினே வந்தேன். கூறுக்கு மூணு பெருசு, இருவது நடுவாலது, ஐநூறு பொடி. ஒயுங்கா போட்டுகீறேன். எவனும் வாயத் தொறக்க முடியாது."

"எது யாரோடதுன்னு பாத்தீங்களா பெரிப்பா?"

"மீனு மேல பேரா எய்திகீது? பெருசா பொடியான்னுதான் பாக்கணும்."

"நாலு வூடுதான? அஞ்சு பொட்டு கீது?"

"மீன் புட்ச்சா போட்டுக்கு ஒரு பங்கு இல்லியா? அதே மாதிரி கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. அதுவும்தான் ஒயைக்குது."

கண்ணாடியில் தீக்குச்சி நிற்காது என்பதால் பெரியம்மாவின் பொட்டு அட்டை வந்திருக்கிறது. வெளியாளாக, சிலிண்டர் போட வந்த சௌக்கத் அலி அண்ணனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பாவம், அவர் எதற்கு என்று கூடக் கேட்காமல் ஐந்து ஃபோல்டர் மேலும் ஐந்து பொட்டை ஒட்டிவிட்டு, காலி சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இதில் நான் ஏன் பதறினேன் என்றால், நான் பி.காம் கடைசி வருஷம். 'எண்ணூர் கரையில் மீன் விற்கும் பெண்கள்' என்று ஒரு புராஜெக்ட். ஐந்து அத்தியாயம், ஐந்து ஃபைல். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் காலேஜ் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் அடுத்த செமஸ்டர்தான். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில், டிகிரியோடு ஜூன் மாதம் வா என்று வேலை எடுத்து வைத்திருந்தார்கள். டிகிரி இல்லாமல் போனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு காப்பி இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் புராஜெக்ட் கைடு சாண்ட்ரா மேடமும் அதைத்தான் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் வைத்திருக்கிறேன் என்று தலையாட்டினேன். பென் டிரைவில் வைத்துத்தான் இருந்தேன். அதை சித்தப்பா அழித்து, கானா பாட்டு ஏற்றி, படகு ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார்.

பச்சைப் பொட்டைத் தள்ளிவிட்டு எங்கள் கூறைத் திறந்தேன். உள்ளே பெரியப்பாவின் கட்டைவிரல் நூற்றுக்கணக்கில் இருந்தது. என் புராஜெக்டில் இரண்டாம் அத்தியாயம் மட்டும் அகப்பட்டது. தேடிப் பார்த்ததில் ஒன்றும் ஐந்தும் சித்தப்பாவின் கறுப்பில், நான்கு கம்ப்யூட்டரின் கல்பொட்டில், மூன்று அங்கம்மா அத்தையின் மெரூனில்.

"பெரிப்பா, எனக்கு நாலு ஃபைலு வேணும். காப்பி எட்த்துக்கறேன். அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

பெரியப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அங்கயும் இருக்குமா, இங்கயும் இருக்குமா?"

"ஆமா."

"ஒரே வஞ்சிரம் ரெண்டு வூட்டு கொயம்புல கொதிக்குமா ஜெயா? நாப்பது வருசமா நானும் கடலுக்குப் போறேன், அப்டி ஒரு மீன காட்டு பாக்கலாம். டபாய்க்காத. வேணும்னா கூறுக்காரங்கள கேட்டு வாங்கிக்க. கேக்காம தொட்டீன்னா நாளைக்கி கரையில நான் எப்டி நிக்கறது?"

அவர் கண் அசரும் நேரமாகப் பார்த்து நான்கையும் இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்கென்று மனுஷனுக்குத் தூக்கமே வரவில்லை. காவல்காரன் மாதிரி நாற்காலியை மானிட்டருக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா சுலபம் என்று நினைத்தேன். எர்ணாவூர் டீமை அவர் தோற்கடித்த கபடி ஃபைனல் எங்கள் பச்சையில் வந்து மாட்டியிருந்தது. காலையிலிருந்து அதை நினைத்து மனுஷன் சாப்பிடாமல் கிடந்தார்.

"கபடிய நீ எட்த்துக்க. ஒண்ணாவது, அஞ்சாவது அத்தியாயத்த எனக்குக் குடு," என்றேன்.

சித்தப்பா துள்ளிக் குதித்து எழுந்தார். அப்புறம் ஃபைல்களின் அளவைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. "கபடி ரெண்டு ஜி.பி. கீது. உன்னுது ரெண்டும் சேத்தா ஒரு நெத்திலி சைசு கூட இல்ல. கொயந்தகிட்ட ஏமாத்தி வாங்குனா மாதிரி ஆயிடும் ஜெயா."

"பரவால்ல சித்தப்பா. நான் மனசாரத்தான் தர்றேன்."

"உனுக்குப் பரவால்ல. எனுக்கு மனசு கேக்க வேணாமா?"

எடை சரியாகும் வரைக்கும் தன் கூறிலிருந்து எனக்கு அள்ளிப் போட்டார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, இரண்டு கல்யாண வீடியோ, யாரோ ஒருத்தரின் ஆதார் கார்டு. வேண்டாம் வேண்டாம் என்று கத்திப் பார்த்தேன். நியாயம்னா நியாயம் என்று மூச்சிரைக்க அள்ளிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. நேர்மையான மனுஷர்களோடு பேரம் பேசுவது மாதிரி பேஜாரு வேறு இல்லை.

அடுத்தது கம்ப்யூட்டரின் பங்கு. அது யாரைக் கேட்பது? பெரியப்பாவுக்கே குழப்பம். படகின் பங்கு படகுச் சொந்தக்காரனுக்குப் போகும், ஆனால் கம்ப்யூட்டர் நாலு வீடும் சேர்ந்து வாங்கியது. அதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"கம்ப்யூட்டரையே கேட்டா போச்சு," என்றேன். திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். "நைனா, நாலாவது அத்தியாயத்த நான் எட்த்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த ஃபைலின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். ஃபைல் திறந்தது.

"பாத்தீங்களா? சம்மதம் இல்லன்னா தொறக்குமா?"

பெரியப்பா கிட்டத்தில் வந்து திரையை உற்றுப் பார்த்தார். காலையில் அவர் தட்டியபோது ஏதோ ஒரு ஃபைல் திறக்கவில்லையாம். "அதுக்கு இஷ்டம் இல்லாங்காட்டி தொறக்காதுதான்," என்று ஒப்புக்கொண்டார்.

மணி மூன்றே கால் ஆகிவிட்டது. மிச்சம் மூன்றாம் அத்தியாயம் மட்டும்தான். அது அங்கம்மா அத்தையிடம் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏனென்றால் அந்த அத்தியாயமே அத்தைதான். ஒரு மீன்காரப் பெண்ணின் ஒரு நாள் என்று பதினாலு பக்கம். விடிவதற்கு முன் காசிமேட்டில் மீன் எடுப்பது, கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போகும் பஸ், கல்மண்டபத்தில் அவளை ஏற்றிக்கொள்ளும் ஒரே ஷேர் ஆட்டோ, எர்ணாவூர் குவார்ட்டர்ஸில் இருபது நிமிஷம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கால் கிலோ வாங்கும் அம்மா, எல்லாம் அத்தை சொன்னபடியே இருக்கும். அவள் கூடவே நடந்து எழுதினேன்.

அத்தை பின்கட்டில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள், "தெரியும். டில்லிய படிக்கச் சொல்லிக் கேட்டேன்," என்றாள். "எனக்கு வந்த மீனு இன்னா மீனுன்னு பாக்க மாட்டனா?"

"எப்டி கீது அத்த?"

"நல்லா எய்திகீற. ரெண்டு எடத்துல எனக்கு அழுவாச்சி வந்துச்சி." செதிலைத் தட்டினாள். "ஆனா யாருடி அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"அதான், திருமதி அ-ன்னு ஒருத்தி. நான் ஏறுற ஆட்டோலயே ஏறுறா. நான் எறங்குற எடத்துலயே எறங்குறா. என் கஸ்டமர்கிட்டயே போயி சங்கரா விக்கிறா. இத்தினி வருசமா அந்தத் தெருவுல வந்துகினு போயிகினு கீறேன், நான் அவள பாத்ததே இல்லியே."

"அத்த, அது நீதான்."

"நான்னா எம்பேரு இன்னா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆய்வில் யாருடைய பெயரும் வரக்கூடாது, பெயரை எழுதினால் மார்க் குறைப்பேன் என்று சாண்ட்ரா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னவங்களோட பாதுகாப்புக்குத்தான் அத்தை என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குப் பாதுகாப்பு? நான் இன்னா கஞ்சாவா விக்கிறேன்? நான் சொன்னது, நான் நடந்தது, என் காலு வலி. அத்தினியும் எட்த்து எவளோ ஒருத்திக்குக் குடுத்துட்டியேடி. எம்பேரு இருந்தா எட்த்துக்க. இல்லன்னா என் கூறுல வந்தது என் கூறுலயே கெடக்கட்டும்."

கெஞ்சினேன். கத்தினேன். வேலை போய்விடும் என்று கண்ணைக் கசக்கினேன். அத்தை மீனை மூன்று தண்ணீர் அலசி முடித்தாள், மனசு மாறவில்லை. மணி நான்கைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்தக் கேவலமான யோசனை வந்தது.

"சரி அத்த. பேரு போட்டுட்டு கூப்புடறேன், வந்து பாரு."

கூடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன். அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணாடி வூட்ல கீது. எய்த்தெல்லாம் எறும்பு ஊர்றா மாதிரி தெரியுது. நீயே படி."

அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். திரையில் திருமதி அ என்று இருந்த இடத்தில் எல்லாம் நான் அங்கம்மா என்று படித்தேன். "அங்கம்மா விடிவதற்கு முன் எழுந்துகொள்கிறார். அங்கம்மாவுக்கு மீனின் கண்ணைப் பார்த்தாலே போதும், அது எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார்." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை மூச்சு விடாமல் கேட்டாள். ஒரு பக்கம் முடிந்ததும் பெரியப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டியாண்ணா? சொல்லிடுவா-ன்னு இல்ல, சொல்லிடுவார்-ன்னு போட்டுகீது. எடத்துக்கு எடம் மரியாத!" என் தலையில் கையை வைத்தாள். "எட்த்துக்கடி ராசாத்தி. உனுக்கு இல்லாததா."

அவள் போனதும் மூன்றாம் அத்தியாயத்தை இழுத்து வந்து ஐந்தையும் ஒட்டினேன். பக்க எண் போட்டேன். நான்கு நாற்பத்தைந்து. காலேஜ் இணையதளம் திறந்து, ஃபைலைத் தேர்ந்தெடு என்று காத்திருந்தது.

முற்றத்தில் அத்தை போனில் யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். "எம்பேரு புஸ்தகத்துல வருது. ஆமாண்டி, காலேஜு புஸ்தகம். பெரிய பெரிய வாத்தியாருங்க எல்லாம் படிக்கப் போறாங்க. அங்கம்மான்னு முழுசா போட்டுகீது, எங்கொண்ணன் பொண்ணு படிச்சிக் காமிச்சா. இல்லடி, நான் பாக்கல. அவ படிச்சா போதாதா?"

எனக்கு அசிங்கமாக இருந்தது. இத்தனை நேரம் பெரியப்பாவை மனசுக்குள் எவ்வளவு திட்டினேன். அவர் யாருடைய ஃபைலையும் திருடவில்லை, தெரியாமல் பங்கு போட்டார். எடை குறைகிறது என்று சித்தப்பா முந்நூறு ரோஜாப்பூவை அள்ளிக் கொடுத்தார். படித்தவள் நான் ஒருத்திதான் அந்த வீட்டில், கண்ணாடி இல்லாத நேரம் பார்த்து ஒருத்தியை ஏமாற்றினவளும் நான் ஒருத்திதான். நினைக்க நினைக்க அழுகை வந்தது, கூடவே கோபமும்.

"இன்னா ஜெயா, முடிஞ்சிதுன்ன? மறுபடியும் நோண்டிகினு கீற?" என்றார் பெரியப்பா.

"சும்மா இருங்க பெரிப்பா," என்று எரிந்து விழுந்தேன்.

திருமதி அ என்று இருக்கும் இடமெல்லாம் அங்கம்மா என்று மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினேன். இருபத்து மூன்று இடத்தில் மாற்றியாயிற்று என்றது கம்ப்யூட்டர். பெயர் மாறியதில் ஒரு அட்டவணை வழுக்கி அடுத்த பக்கத்தில் போய் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த நேரமில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஃபைல் ஏறி முடிந்தது.

பத்து நாள் கழித்து காலேஜில் புராஜெக்டுக்கு வாய்மொழித் தேர்வு. சாண்ட்ரா மேடம் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அங்கம்மா யாரு?"

"எங்க அத்தை, மேடம்."

"பேர் போடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். அவங்க பேர் வேணும்னு கேட்டாங்க."

மேடம் இரண்டு பக்கம் புரட்டிப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் சிரித்தார், குவார்ட்டர்ஸ் அம்மாவும் செவுளும் வரும் இடமாக இருக்க வேண்டும். ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்தார். "விதி விதிதான். நாலு மார்க் போச்சு," என்றார். சரி மேடம் என்றேன். வாதாட வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுபத்தொன்று வந்தது, பாஸ்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வருத்தப்படுவாள், தன்னால்தான் போயிற்று என்று மீனும் கையுமாகக் காலேஜுக்கே கிளம்பினாலும் கிளம்புவாள். ஆனால் மறுபடி ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாசாகிட்டேன் அத்த, ஆனா உன் பேரைப் போட்டதுக்கு நாலு மார்க் குறைச்சிட்டாங்க என்று மெதுவாகச் சொன்னேன்.

அத்தை கூடையை இறக்கி வைத்தாள். "எத்தினிக்கு நாலு?"

"நூத்துக்கு."

"நூத்துக்கு நாலா?" முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருசமா இந்தத் தலையில கூடை தூக்கறேன். எம்பேரு போட்டதுக்கு நூத்துல நாலுதானா? போயி உங்க மேடத்துகிட்ட சொல்லு ஜெயா. பத்தாவது கொறைக்கச் சொல்லு."